கணக்கியலா, நிதியியலா?

நுழையும்முன்

வணிகப் பிரிவை விரும்பும் மாணவர் பள்ளிப் படிப்பின் இறுதியில் ஒரு வினாவை எதிர்கொள்கிறார். கல்லூரியில் கணக்கியலை முதன்மைப் பாடமாகக் கொள்வதா, நிதியியலைக் கொள்வதா என்பதே அவ்வினா. இரண்டும் பணத்தைப் பற்றியவை. இரண்டும் எண்களால் ஆனவை. ஆகவே, இரண்டும் ஒன்றே என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றின் கதவு என்றென்றைக்கும் அடைபட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் எவ்வளவு பொருந்தும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரு பழமொழிகள்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது தமிழர் வழங்கும் பழமொழி. போனது போகட்டும் என்று விடும் பொருளுக்கும் அளவு வேண்டும் என்பது அதன் கருத்து. எவ்வளவு வந்தது, எவ்வளவு சென்றது, எஞ்சியது எவ்வளவு என்பதை ஐயமின்றி எழுதி வைப்பதே கணக்கியல்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது மற்றொரு பழமொழி. களத்தில் நெல்லைத் தூற்றும் உழவர், காற்று வீசும் நேரத்தைக் கணித்துச் செயற்படுவார். கையிலுள்ள பணத்தை எப்போது, எங்கே, எவ்வளவு இடுவது என்று ஆராய்வது நிதியியல். 'அகலக் கால் வைக்காதே' என்னும் எச்சரிக்கையும் நிதியியலுக்கு உரியதே. வாய்ப்பையும் இடரையும் அது ஒருசேர எடை போடுகிறது.

சுருங்கச் சொன்னால், நடந்ததை உள்ளபடி காட்டுவது கணக்கியல். நடக்கவிருப்பதற்கு முடிவெடுக்க உதவுவது நிதியியல். இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம்.

ஒரு கடையின் கணக்கு

பெஹாலா சௌரஸ்தாவின் அருகே, டயமண்ட் ஹார்பர் சாலையில், ஒரு தமிழ்க் குடும்பம் இட்லி, தோசைக் கடை நடத்துவதாகக் கொள்வோம். ஒரு மாதத்தில் அக்கடையின் விற்பனை 1,80,000 ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி ஆகியவற்றுக்கு 75,000 ரூபாய் செலவாயிற்று. வேலையாட்களின் கூலி 40,000. கடை வாடகை 18,000. எரிவாயுவும் மின்சாரமும் 15,000. இவற்றின் கூட்டுத்தொகை 1,48,000 ரூபாய்.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. மாவரைக்கும் இயந்திரமும் பெரிய பாத்திரங்களும் 1,20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டவை. அவை ஐந்தாண்டுகள் உழைக்கும் எனக் கொண்டால், மாதந்தோறும் 2,000 ரூபாய் மதிப்பு தேய்கிறது. இதனைத் தேய்மானம் என்பர். இதையும் செலவாகக் கொள்ள வேண்டும். மொத்தச் செலவு 1,50,000 ரூபாய் ஆகிறது. இலாபம் 30,000 ரூபாய்.

ஆனால், மாத முடிவில் பணப்பெட்டியைத் திறந்து பார்த்தால், மாதத் தொடக்கத்தில் இருந்ததைவிட 7,000 ரூபாய் மட்டுமே கூடியிருக்கிறது. மற்ற 23,000 ரூபாய் எங்கே? யாரும் திருடவில்லை. அருகிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு 25,000 ரூபாய்க்குச் சிற்றுண்டி கடனாக வழங்கப்பட்டது. அத்தொகை அடுத்த மாதமே வரும். விற்பனை நடந்துவிட்டது, பணம் வரவில்லை. தேய்மானமாகிய 2,000 ரூபாயோ செலவாக எழுதப்பட்டதேயன்றி, பெட்டியிலிருந்து வெளியே செல்லவில்லை. ஆகவே, கைக்கு வந்தது 1,55,000, கையை விட்டுப் போனது 1,48,000, எஞ்சியது 7,000.

இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்பது கணக்கியலின் முதற்பாடங்களுள் ஒன்று. இதை அறியாத வணிகர் இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கும்போதே கூலி கொடுக்கப் பணமின்றித் தவிக்க நேரும். எந்த நிகழ்வை எந்த மாதத்தில், எந்தத் தலைப்பில், எவ்வளவு மதிப்பில் எழுதுவது என்பதை விதிகளின்படி முடிவு செய்வதே கணக்காளரின் பணி. கூட்டலும் கழித்தலும் அப்பணியின் சிறு பகுதியே. அவற்றை இன்று கணினி செய்துவிடுகிறது. எது செலவு, எது சொத்து, எந்தக் கடன் வரும், எது வாராக்கடன் என்னும் முடிவுகளை மனிதர்தாம் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியுள்ளது.

இரண்டாம் கடை திறக்கலாமா?

இனி அக்குடும்பம் மற்றொரு கடை திறக்க எண்ணுகிறது. ஜோக்காவிலிருந்து தாராதலா வரையிலான மெட்ரோ இரயில் 2022 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்டது. 2024 மார்ச்சில் அது மாஜேர்ஹாட் வரை நீண்டது. புதிய நிலையம் ஒன்றின் அருகே கடை வைத்தால் மக்கள் வருவர் என்பது அவர்களது நம்பிக்கை. அதற்கு 6,00,000 ரூபாய் தேவை. இதுவரை எழுதிய கணக்கு ஏடு இதற்கு விடை சொல்லாது. ஏனெனில், இக்கடை இன்னும் பிறக்கவே இல்லை. இங்கே நிதியியல் தொடங்குகிறது.

வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில் கடன் வாங்கினால் முதலாண்டு வட்டி 72,000 ரூபாய். வட்டிக்கு முன் புதிய கடையின் ஆண்டு வருவாய் 1,00,000 ரூபாயாக இருந்தால், 28,000 எஞ்சும். வருவாய் 60,000 ஆகக் குறைந்தால், வட்டிக்கே 12,000 ரூபாய் பற்றாது. அசலைத் திருப்புவது அதற்கும் மேல்.

கடன் வாங்காமல் சேமிப்பைக் கொண்டு திறந்தால் செலவே இல்லை என்று தோன்றும். அதுவும் உண்மையன்று. நூற்றுக்கு 7 வட்டி தரும் வைப்புத்தொகையை உடைத்துத்தானே கடையில் இடுகின்றனர்? ஆண்டுக்கு 42,000 ரூபாய் வட்டியை அவர்கள் இழக்கின்றனர். இவ்விழப்பு எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிராது. ஆயினும், நிதியியல் அதனையும் கணக்கில் கொள்ளும். இதனை வாய்ப்புச் செலவு என்பர்.

காலத்துக்கும் ஒரு விலை உண்டு. இன்றைய 1,00,000 ரூபாய் நூற்றுக்கு 7 கூட்டு வட்டியில் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,97,000 ரூபாய் ஆகும். ஆகவே, பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 1,00,000 ரூபாயும் இன்று கிடைக்கும் 1,00,000 ரூபாயும் ஒன்றல்ல. காலம், இடர், வருவாய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நிதியியலின் உயிர்நாடி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய கடையின் வருவாய் 1,00,000 என்றோ 60,000 என்றோ கணிப்பதற்கு அடிப்படை எது? பழைய கடையின் கணக்கு ஏடே. அது பிழையானால், இக்கணிப்பு முழுவதும் பிழையாகும்.

பெட்டியடிப் பையன்

இவ்வரிசையைத் தமிழ் வணிகர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் கடன் கொடுக்கும் தொழிலை நடத்தினர். அவர்களது கடையில் இளவயதில் சேரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டியின் அருகிலிருந்து ஏவல் செய்துகொண்டே அவன் கணக்கு எழுதக் கற்றான். பின்னர் அடுத்தாள் என்னும் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் மேலாள் பொறுப்பு அதன் பின்னரே கிட்டியது. சொத்தையும் பொறுப்பையும் தொகுத்துக் காட்டும் அறிக்கையை அவர்கள் ஐந்தொகை என்றனர். இன்றைய பாடநூல்கள் இருப்புநிலைக் குறிப்பு என்று கூறுவது அதற்கு நெருங்கியது.

ஐரோப்பாவில் இரட்டைப் பதிவு முறையை அச்சு நூலில் விளக்கியவர் இத்தாலியத் துறவியும் கணித அறிஞருமான லூக்கா பசியோலி. அவரது நூல் 1494இல் வெனிசு நகரில் வெளிவந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் பற்று ஒன்றும் வரவு ஒன்றும் இருக்க வேண்டும் என்னும் அவ்விதி இன்றும் மாறவில்லை.

செட்டியார்களின் வரலாறு மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1929க்குப் பின் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. நெல் விலை சரிந்தது. கடன் பெற்ற பர்மிய உழவர்களால் பணத்தைத் திருப்ப இயலவில்லை. அடகு வைத்த நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937–38 அளவில் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலமிழந்த உழவரின் துயரம் ஒருபுறம். பணமாக இருக்க வேண்டிய முதல் மண்ணாக முடங்கிய இக்கட்டு மறுபுறம். 1942இல் சப்பானியப் படை புகுந்தபோது பலர் அனைத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மாவில் நிலங்கள் நாட்டுடைமை ஆயின. ஏடுகளில் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. ஆயினும், முதலின் பெரும்பகுதி ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பியிருந்தது. கணக்கு சரியாக இருந்தும் நிதி முடிவு இடரில் சிக்கியதற்கு இது சான்று.

கணக்கு பொய்த்தால்

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2009இல் நேர்ந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர், அவ்வாண்டு ஜனவரி 7 அன்று ஒரு கடிதம் வெளியிட்டார். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட பணத்தில் ஏறத்தாழ 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அதுவரை அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாமா என்று ஆராய்ந்த நிதி வல்லுநர்கள் பலர், பொய்க் கணக்கின் மீதே தம் கணிப்பைக் கட்டியிருந்தனர். ஒரே நாளில் பங்கின் விலை வீழ்ந்தது. எளிய முதலீட்டாளர் பலர் சேமிப்பை இழந்தனர். இதன் பின்னர், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் தணிக்கை விதிகளைக் கடுமையாக்கியது. தணிக்கையாளரைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018இல் அமைக்கப்பட்டது.

மேற்கு வங்க மக்களுக்கு நெருக்கமான நிகழ்வு சாரதா குழுமத்தின் வீழ்ச்சி. வங்கியைவிட மிகுந்த வருவாய் தருவதாகக் கூறி, அக்குழுமம் முகவர்கள் வழியாகச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பணம் திரட்டியது. வீட்டு வேலை செய்வோர், சிறு கடைக்காரர், ஓய்வு பெற்றோர் எனப் பல லட்சம் பேர் அதில் பணம் கட்டினர். 2013 ஏப்ரலில் அது சரிந்தது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

இத்தகைய திட்டங்களில் முன்னே கட்டியவருக்குரிய தொகை, பின்னே கட்டுபவரின் பணத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது. புதியவர் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். பணம் கட்டுமுன் இரு வினாக்களைக் கேட்டிருக்கலாம். 'இவ்வளவு வருவாய் எந்தத் தொழிலிலிருந்து வரும்?' என்பது ஒன்று. இது நிதியியலின் வினா. 'தணிக்கை செய்யப்பட்ட கணக்கு எங்கே?' என்பது மற்றொன்று. இது கணக்கியலின் வினா. ஊரை விட்டு வந்து உழைத்துச் சேமிக்கும் குடும்பங்களில் இவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருப்பது பெருந்துணை. பட்டமும் வேலையும் அதற்கு அடுத்தவையே.

ஒரு வாயில், பல வாயில்கள்

இரு துறைகளுக்கும் இடையே மற்றொரு வேறுபாடு உண்டு. கணக்கியலுக்குச் சட்டம் காக்கும் வாயில் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கே உரியது. அவர்களுக்கான கழகம் 1949 ஜூலை 1 அன்று நிறுவப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அடிப்படைத் தேர்வு, பின்னர் இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு எனப் படிகள் உள்ளன. தேர்ந்த கணக்காளர் ஒருவரிடம் பயிற்சியும் பெற வேண்டும். முன்பு மூன்றாண்டாக இருந்த அப்பயிற்சி, 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஈராண்டாக்கப்பட்டது. பட்டம் பெற்றவர் உரிய மதிப்பெண் பெற்றிருந்தால், அடிப்படைத் தேர்வின்றியே இடைநிலையில் சேரலாம்.

பொருள்களின் அடக்கவிலையை ஆராயும் அடக்கவிலைக் கணக்காளர்க்கான கழகம் 1944இல் தோன்றியது. கொல்கத்தாவின் சடர் தெருவில் அதற்கு அலுவலகம் உள்ளது.

இத்தேர்வுகள் கடினமானவை, ஒரே முயற்சியில் தேறாதோர் பலர். எத்தனை ஆண்டுகளில் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால், பயிலும் கல்லூரியின் புகழ் இங்கே பெரிதன்று. எந்தக் கல்லூரியில் படித்தவராயினும் அதே வினாத்தாளையே எழுதுகிறார். பயிற்சிக் காலத்தில் சிறிது உதவித்தொகையும் கிடைக்கும். பொருள் வசதி குறைந்த குடும்பத்து மாணவர் இதனைக் கருத வேண்டும்.

நிதியியலுக்கு அத்தகைய ஒற்றை வாயில் இல்லை. வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை, நிறுவனங்களின் நிதிப் பிரிவு, இடர் மதிப்பீடு எனப் பல துறைகளுக்குள் பல வழிகளில் நுழையலாம். வங்கிப் பணிக்குப் போட்டித் தேர்வு உண்டு. காப்பீட்டுக் கணிப்பாளருக்குத் தனித் தேர்வுகள் உண்டு. உயர் பொறுப்புகளுக்குப் பெரும்பாலும் இளநிலைப் பட்டம் மட்டும் போதாது; மேலாண்மையிலோ பொருளாதாரத்திலோ மேற்படிப்பு வேண்டும். இங்கே நிறுவனத்தின் பெயருக்கு மதிப்பு மிகுதி, கட்டணமும் மிகுதி. கணிதமும் புள்ளியியலும் இத்துறையில் நாளுக்கு நாள் வேரூன்றி வருகின்றன.

இரு தமிழர்

இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் எனப் போற்றப்படும் ஆர். சிவபோகம் 1907இல் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் 1933இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்றார். ஆனால், சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெற முடியாது என்னும் தடை எழுந்தது. அவர் அதனை எதிர்த்துப் போராடி வென்று, 1937இல் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைமையும் ஏற்றார். அந்த வாயிலில் நுழைவது அவருக்கு அரிதாக இருந்தது; நுழைந்தபின் அவரது கையொப்பத்துக்கு மற்றவர் கையொப்பத்துக்கு நிகரான மதிப்பு இருந்தது.

இரகுராம் இராஜன் 1963இல் போபால் நகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் அரசுப் பணி காரணமாக இந்தோனேசியா, இலங்கை, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்தார். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் படித்தது மின்பொறியியல். பின்னர் அகமதாபாத்தில் மேலாண்மையும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் ஆய்வும் முடித்து நிதியியல் அறிஞரானார். 2013 முதல் 2016 வரை இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக விளங்கினார். நிதியியலுக்குள் வருபவர் அத்துறையிலேயே இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அந்த ரிசர்வ் வங்கிக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1935 ஏப்ரல் 1 அன்று அது தொடங்கப்பட்டபோது அதன் மைய அலுவலகம் இந்நகரில்தான் இருந்தது. 1937இல் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. லயன்ஸ் ரேஞ்சு தெருவின் கல்கத்தா பங்குச் சந்தை 1908இல் அமைந்தது. அதற்கு முன்னர்த் தரகர்கள் ஒரு வேப்பமரத்தடியில் கூடிப் பங்கு விற்றனர் என்பர்.

பெஹாலாவிலிருந்து செல்லும் வழிகள்

அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் கணக்கியலும் நிதியியலும் தனித்தனி முதன்மைப் பாடங்கள். இந்தியாவில் நிலை சற்று வேறு. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வணிகவியல் சிறப்புப் பட்டத்தில் 'கணக்கியலும் நிதியியலும்' என்று இரண்டும் சேர்ந்தே ஒரு பிரிவாக வழங்கப்பட்டு வந்துள்ளன. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் 'பி.காம். கணக்கியல் மற்றும் நிதி' என்னும் பட்டம் உண்டு. ஆகவே, கொல்கத்தாவில் படித்தாலும் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் படித்தாலும், பதினேழு வயதிலேயே ஒன்றைத் துறக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. முதலாண்டில் இரு சாராரும் அதே குறிப்பேட்டையும் பேரேட்டையும்தான் எழுதுகின்றனர். பாதை பிரிவது பின்னர்தான்.

பெஹாலாவை அடுத்த தாக்குர்புக்கூரில் உள்ள விவேகானந்தா கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கப்படுகிறது. நகரின் நடுவே, பார்க் தெருவின் தூய சேவியர் கல்லூரியும், வணிகக் கல்விக்கென்றே அமைந்த கோயங்கா கல்லூரியும் உள்ளன. டயமண்ட் ஹார்பர் சாலையிலேயே தெற்கே சென்றால், ஜோக்காவில் இந்திய மேலாண்மைக் கழகம் உள்ளது. 1961இல் தொடங்கப்பட்ட அக்கழகம் நிதியியல் கல்வியில் பெயர் பெற்றது. அங்கே சேர எந்தப் பட்டம் பெற்றவரும் பொது நுழைவுத் தேர்வு எழுதலாம். கணக்கியல் படித்தவர்க்கும் அவ்வாயில் திறந்தே இருக்கிறது.

முடிவெடுக்கும் முன்

பதினோராம் வகுப்பில் சேரும்போது மாணவர் செய்ய வேண்டிய முதல் முடிவு கணிதத்தைப் பற்றியது. கணக்கியலில் தேவைப்படுவது பெரும்பாலும் எண்கணிதமும் தெளிந்த சிந்தனையுமே. நிதியியலின் மேல்நிலைப் படிப்புகளுக்குப் புள்ளியியலும் உயர் கணிதமும் வேண்டும். எந்தத் துறை என்று இன்னும் துணியாதவர், கணிதத்தையோ பயன்பாட்டுக் கணிதத்தையோ கைவிடாதிருத்தல் நலம். கைவிட்ட கணிதத்தை மீண்டும் பற்றுவது கடினம். பற்றிய கணிதத்தை விடுவது எளிது.

அடுத்தது, தம் இயல்பை அறிதல். பொருந்தாத ஒரு ரூபாய்க்காக முழு ஏட்டையும் மீண்டும் சரிபார்ப்பதில் சலிப்படையாதவர், விதியின் நுட்பத்தை விரும்புபவர், கணக்கியலில் நிறைவு காண்பார். முழு விவரமும் கிடைக்காத நிலையிலும் கணித்து முடிவெடுக்கத் துணிபவர், அம்முடிவு பிழைத்தால் காரணத்தை ஆராய்பவர், நிதியியலில் சிறப்பார். இவ்விரு இயல்பும் ஒருவரிடமே இருக்கலாம்.

மூன்றாவது, குடும்பத்தின் நிலை. எத்தனை ஆண்டுகள் பொருளீட்டாமல் படிக்க இயலும், கல்விக் கடன் எவ்வளவு தாங்கும், இடையில் ஒரு தேர்வு தவறினால் துணை என்ன என்பவற்றைப் பெற்றோருடன் அமர்ந்து தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். செலவையும் காலத்தையும் எழுதுவது கணக்கியல். எந்த வழியில் இடலாம் என்று ஒப்பிடுவது நிதியியல். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் முடிவுக்கே இரண்டும் தேவைப்படுகின்றன.

முதலில் கணக்கியலில் உறுதியான அடித்தளம் அமைத்துக்கொண்டவர், பின்னர் நிதியியலுக்குச் செல்வது எளிது. நிதியியலில் தொடங்கியவரும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கக் கற்காமல் முன்னேற இயலாது. எனவே, முதலாண்டில் கணக்கியலை ஊன்றிப் படித்து, எந்த வினா தம்மை மிகுதியாக ஈர்க்கிறது என்று கவனித்து, அதன்பின் பாதையை வகுத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

சொல்லும் பொருளும்

பேரேடு – கணக்குகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்து எழுதும் ஏடு
குறிப்பேடு – நிகழ்வுகளை நாள்வாரியாக முதலில் பதியும் ஏடு
தேய்மானம் – பயன்பாட்டால் சொத்தின் மதிப்பு குறைதல்
இருப்புநிலைக் குறிப்பு – குறித்த நாளில் உள்ள சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் அறிக்கை
வாய்ப்புச் செலவு – ஒன்றைத் தேர்வதால் கைவிடும் மற்றொன்றின் பயன்
தணிக்கை – கணக்கின் உண்மையைச் சோதித்துச் சான்றளித்தல்

மொழிக் குறிப்பு: வீட்டு வழக்கில் 'வரவு' என்பது வருமானத்தைக் குறிக்கும். கணக்கியலில் அது ஒரு கணக்கின் வலப்பக்கத்தில் எழுதும் பதிவின் பெயர். இடப்பக்கப் பதிவு 'பற்று' எனப்படும்.

பயிற்சிகள்

1. ஒரு குடைக் கடையின் மாத விற்பனை 90,000 ரூபாய்; அதில் 15,000 ரூபாய் கடன் விற்பனை. செலவு 70,000 ரூபாய். அது முழுவதும் ரொக்கமாகச் செலுத்தப்பட்டது. இலாபம் எவ்வளவு? கையிருப்பில் கூடியது எவ்வளவு? இரண்டும் வேறுபடுவது ஏன்?

2. கீழ்க்காணும் வினாக்களுள் கணக்கியலுக்குரியவை எவை, நிதியியலுக்குரியவை எவை எனப் பிரித்து எழுதுக.
அ) சென்ற ஆண்டு மின்கட்டணம் எவ்வளவு?
ஆ) வீடு வாங்குவதா, வாடகையில் இருப்பதா?
இ) வண்டியின் இன்றைய ஏட்டு மதிப்பு என்ன?
ஈ) சேமிப்பு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் பங்கில் இடலாமா?

3. செட்டியார்களின் பர்மா அனுபவமும் சத்யம் நிறுவன நிகழ்வும் எவ்வாறு வேறுபடுகின்றன? ஐந்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் குடும்பத்தின் ஒரு மாத வரவு செலவைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. எஞ்சும் தொகையை எங்கே இடலாம் என்பது குறித்து அவர்களுடன் கலந்துரையாடி, இரு வழிகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

5. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' போன்று பணத்தைப் பற்றிய பழமொழிகள் மூன்றினை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொன்றும் எத்துறைக்குப் பொருந்தும் எனக் குறிப்பிடுக.